கோப்பை வென்ற பதினாறாம் நாள் வேலை போன மேனேஜர்

கேள்வி இதுதான்: பதினேழு வருடம் கழித்து லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாமுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஆஞ்ச் போஸ்டெகோக்லுவை அந்த கிளப் ஏன் உடனே அனுப்பியது, டிஃபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தும் அவருடைய ஹை லைன் ஆட்டம் முட்டாள்தனமா துணிச்சலா, ரசிகர்கள் ஏன் அவர் பெயரைக் கேட்டதும் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கத்துக்குப் போகலாம். ஹை லைன் அவரைக் கவிழ்க்கவில்லை. ஒரே ஆட்டமுறையை 41 ஆட்டம் ஆடிய சீசனிலும் 60 ஆட்டம் ஆடிய சீசனிலும் அதே வேகத்தில் ஓட்டியதுதான் கவிழ்த்தது. அதை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியாமல் இல்லை, அந்தக் கோப்பையை வென்ற யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில், பில்பாவோவில், செய்தும் காட்டினார். ஆனால் முதல் வருடம் முழுக்க மைக் முன்னால் பேசிய பேச்சு, மாறுவதே தோல்வி என்கிற நிலையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது.

முதலில், ரசிகர்கள் ஏன் அவரை அப்படித் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்பது புரிய வேண்டும். அவருக்கு முன்னால் மொரின்யோ, நூனோ, கான்டே என்று வரிசையாக வந்தவர்கள் எல்லாம் பின்னால் உட்கார்ந்து எதிரணியின் தவறுக்காகக் காத்திருக்கும் வகையறா. 2023 மார்ச்சில் சவுத்ஹாம்ப்டனோடு 3-3 டிரா ஆனதும் கான்டே பிரஸ் மீட்டில் தன் ஆட்டக்காரர்களையே சுயநலக்காரர்கள் என்று பொரிந்து தள்ளினார், சில நாட்களில் கிளம்பியும் போனார். அந்த சீசனில் அணி எட்டாவது இடம், ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. இந்த நிலையில்தான் செல்டிக்கிலிருந்து ஒரு ஆஸ்திரேலியர் வந்து சேர்கிறார். வந்து கொஞ்ச நாளில் அணியின் முக்கிய கோலடிப்பவர் ஹாரி கேனை பயர்ன் மியூனிக்குக்கு விற்றுவிடுகிறார்கள், அதுவும் லீக் தொடங்குகிற அதே வார இறுதியில். எல்லோரும் ஒப்பாரிக்குத் தயாராக இருந்தபோது முதல் பத்து லீக் ஆட்டத்தில் எட்டு வெற்றி, இரண்டு டிரா, 26 புள்ளி. பிரீமியர் லீக்கில் புதிதாக வந்த எந்த மேனேஜரும் முதல் பத்தில் அவ்வளவு எடுத்ததில்லை.

ஆட்டமுறை என்ன? ஃபுல்பேக் இருவரும், வலப்பக்கம் போரோ, இடப்பக்கம் உடோகி, பந்து கையில் இருக்கும்போது கோட்டோரம் ஓடாமல் நடுக்களத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். டிஃபென்ஸின் நடுவில் ஆடும் சென்டர் பேக் இருவரும் நடுக்கோட்டை ஒட்டி ஏறி நிற்பார்கள். அவர்களுக்கும் கோலுக்கும் நடுவே கிட்டத்தட்ட பாதி மைதானம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்துக்குக் காவல் இரண்டே பேர்: பாக்ஸை விட்டு வெளியே ஓடி வந்து பந்தை உதைத்துத் தள்ளும் கோல்கீப்பர் விக்காரியோ, அப்புறம் சென்டர் பேக் மிக்கி வான் டே வெனின் கால்கள். 2024 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக மணிக்கு 37.38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியவர் அவர், பிரீமியர் லீக்கில் பதிவானதிலேயே அதிக வேகம். அப்படி ஒரு ஆள் பின்னால் இருந்தால் ஹை லைன் என்பது நியாயமான கணக்குதான், சூதாட்டமில்லை. அந்த ஆள் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அந்த நாள் 2023 நவம்பர் 6-ஆம் தேதி வந்தது. சொந்த மைதானத்தில் செல்சி, அதுவும் டாட்டன்ஹாம்காரர்கள் இன்னமும் நேசிக்கும் பழைய மேனேஜர் பொச்செட்டினோ எதிரணி மேனேஜராக முதல் தடவை அங்கே வருகிறார். ஆறாவது நிமிடத்தில் குளுசெவ்ஸ்கி கோல். அப்புறம் எல்லாமே தலைகீழ். இன்னொரு சென்டர் பேக் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை, பெனால்டி, 1-1. இடைவேளைக்கு முன்பே வான் டே வென் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே, மேடிசனும் வெளியே. 55-ஆவது நிமிடத்தில் உடோகிக்கும் சிவப்பு. ஒன்பது பேர். உலகத்தில் எந்த மேனேஜராக இருந்தாலும் எட்டுப் பேரையும் பாக்ஸுக்குள் இழுத்து வைத்துப் பூட்டியிருப்பார். இவர் லைனை இறக்கவில்லை. எரிக் டையரும் ஹோய்பியரும் சென்டர் பேக் இடத்தில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருமே வேகத்துக்குப் பெயர் போனவர்கள் இல்லை. செல்சி பந்தைத் தூக்கிப் போடப் போட, ஒரு தடவை ஆஃப்சைடு கொடி, ஒரு தடவை விக்காரியோ பாக்ஸுக்கு வெளியே நாற்பதடி ஓடி வந்து உதை, மறுபடி கொடி. இருபது நிமிடம் அப்படியே தாக்குப்பிடித்தார்கள். 75-இல் ஜாக்சன் அடித்தார். அதற்குப் பிறகும் டையர் அடித்த ஒரு கோல் ஆஃப்சைடில் போனது, பென்டாங்கர் தலையால் முட்டியது வெளியே போனது. கடைசியில் கூடுதல் நேரத்தில் ஜாக்சன் இன்னும் இரண்டு, 4-1.

ஸ்கோரை மட்டும் பார்த்தால் படுதோல்வி. மைதானமோ எழுந்து நின்று கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் கேட்டார்கள், ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று. நாங்கள் இப்படித்தான், நான் இருக்கிறவரைக்கும் இப்படித்தான், ஐந்து பேர் மிஞ்சினாலும் முன்னேறித்தான் ஆடுவோம் என்கிற மாதிரி பதில் சொன்னார். இரண்டு கட்சியும் பிறந்தது அன்றைக்குத்தான் என்பேன். ஒரு கட்சிக்கு அந்தப் பதில் வேதவாக்கு, தோற்றாலும் தலைநிமிர்ந்து தோற்றோம் என்று. இன்னொரு கட்சி மறுநாள் காலையில் அமைதியாகக் கேட்டது: சரி, புள்ளி எங்கே?

என்னைக் கேட்டால் அந்த ஒரு ஆட்டத்தில் அவர் செய்தது தப்பில்லை. ஒன்பது பேர் பாக்ஸுக்குள் நின்றால் எப்படியும் கோல் விழும், லைனை ஏற்றி வைத்தால் எதிரணிக்கு ஆஃப்சைடு பயமாவது இருக்கும், செல்சியும் இருபது நிமிடம் திணறத்தான் செய்தது. தப்பு அடுத்த வாரங்களில் நடந்தது. வான் டே வென் ஜனவரி வரைக்கும் இல்லை, ரொமேரோவுக்கு மூன்று ஆட்டத் தடை. வுல்வ்ஸ் ஆட்டத்தில் 90 நிமிடம் வரைக்கும் 1-0 முன்னிலை, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக பென் டேவிஸும் எமர்சன் ராயலும் சென்டர் பேக், இரண்டு பேருமே ஃபுல்பேக்காக வளர்ந்தவர்கள். லைன் மட்டும் இறங்கவே இல்லை, அதிலும் தோல்வி. மான்செஸ்டர் சிட்டியோடு 3-3, வெஸ்ட் ஹாமிடம் தோல்வி. செல்சியையும் சேர்த்தால் ஐந்து ஆட்டத்தில் ஒரு புள்ளி. ஆளுக்கேற்ப லைனை ஒரு பத்து மீட்டர் பின்னால் இழுப்பது கொள்கையை விற்பது ஆகாது. ஆனால் ஐந்து பேர் மிஞ்சினாலும் என்று சொன்ன மனிதர், இரண்டு வாரத்தில் அந்தப் பத்து மீட்டரை இழுத்தால் பேப்பர்காரன் என்ன தலைப்பு போடுவான்? அங்கேதான் சிக்கிக்கொண்டார்.

அப்படியும் முதல் சீசன் ஐந்தாவது இடம், 66 புள்ளி. கேன் இல்லாமல். நல்ல வேலைதான், அதை மறுப்பவரோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் அந்த சீசனின் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். ஐரோப்பா இல்லை. லீக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே ஃபுல்ஹாமிடம் பெனால்டியில் அவுட். எஃப்.ஏ. கோப்பையில் இரண்டே ஆட்டம். மொத்தம் 41. அடுத்த சீசனில் யூரோப்பா லீக்கில் கடைசி வரை போனதில் 15, லீக் கோப்பை அரையிறுதி வரை 5, எஃப்.ஏ. கோப்பை 2, லீக் 38, ஆக 60. ஒவ்வொரு ஆட்டத்திலும் சென்டர் பேக் இருவரையும் பின்னால் திரும்பி முழு வேகத்தில் பத்து தடவை ஓடச் சொல்லும் ஒரு முறையை, வாரம் ஒரு ஆட்டம் என்கிற வாழ்க்கையிலிருந்து மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்கிற வாழ்க்கைக்கு அப்படியே பெயர்த்து வைத்தார்கள். தொடைத்தசை தாங்குமா?

தாங்கவில்லை. 2024 அக்டோபர் கடைசியில் லீக் கோப்பையில் சிட்டிக்கு எதிராக வான் டே வெனுக்குத் தொடை போனது. நவம்பரில் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 4-0 என்று அடித்துத் துவைத்த ராத்திரியில் விக்காரியோ கணுக்கால் எலும்பு முறிந்தும் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தார், அப்புறம் மாதக்கணக்கில் இல்லை. டிசம்பர் 8, மறுபடி செல்சி, மறுபடி சொந்த மைதானம். ரொமேரோவும் வான் டே வெனும் காயத்திலிருந்து திரும்பி ஒன்றாக இறங்குகிறார்கள். பதினொன்றாவது நிமிடத்துக்குள் 2-0 முன்னிலை. கால் மணி நேரத்தில் ரொமேரோ வெளியே. 79-ஆவது நிமிடத்தில் வான் டே வென் மறுபடி தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 4-3 தோல்வி. ரிஸ்க் எடுத்தது நான்தான், பொறுப்பும் என்னுடையதுதான் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார், அது அவருடைய நல்ல குணம். ஆனால் அந்த ஒரு மாலையில் மொத்த சீசனும் போனது என்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்துக்காக லீட்ஸிலிருந்து வாங்கிய பையன், சென்டர் பேக்காக லிவர்பூலையும் மற்றவர்களையும் மார்க் பண்ணிக்கொண்டிருந்தான். லிவர்பூல் ஆறு போட்டது. அந்தப் பையன் ஆடியதைப் பார்த்து எனக்குப் பரிதாபமும் மரியாதையும் சேர்ந்தே வந்தது.

இங்கே ‘ஆஞ்ச் இன்’, அதாவது அவர் இருக்கட்டும் என்கிற கட்சி ஒரு பாயிண்ட் வைக்கும், அது நியாயமான பாயிண்ட். ஐரோப்பாவும் சேர்ந்து வரும் சீசனுக்கு கிளப் என்ன வாங்கிக் கொடுத்தது? சொலாங்கி ஒரு பெரிய தொகை. மற்றபடி கிரே, பெர்க்வால் இருவருக்கும் 18, ஓடோபெர்ட்டுக்கு 19. அதே கோடையில் ஹோய்பியர், எமர்சன், ஸ்கிப், லோ செல்சோ என்று அனுபவசாலிகள் வெளியே போனார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் டிஃபெண்டர் டான்சோ வந்து சேர்வதற்குள் பாதி வீடு எரிந்துவிட்டது. அதனால்தான் 2025 பிப்ரவரியில் ரசிகர்கள் ஊர்வலம் போனபோது கோஷம் பெரும்பாலும் தலைவர் டேனியல் லீவிக்கு எதிராக இருந்தது, மேனேஜருக்கு எதிராக இல்லை. பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு மேனேஜரை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன வரும் என்பது அந்த ரசிகர்களின் பல வருடப் புலம்பல்.

ஆனால் ஆள் தேர்வில் மேனேஜர் கையும் சுத்தமில்லை. ஜெட் ஸ்பென்ஸைப் பாருங்கள். யூரோப்பா லீக் முதல் கட்டத்துக்கான பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை. டிசம்பரில் வேறு வழியே இல்லாமல் இறக்கினார்கள், அப்புறம் அந்த சீசனின் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவராக ஸ்பென்ஸ் மாறிப்போனார். உடோகியும் போரோவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்டோபர், நவம்பரில் அவருக்கு ஏன் நிமிடங்கள் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை. வெர்னர் விஷயம் வேறு மாதிரி. ரேஞ்சர்ஸோடு டிரா ஆன ஆட்டத்தில் இடைவேளையிலேயே அவரை எடுத்துவிட்டு, பதினெட்டு வயசுப் பையன்கள் ஆடும் அணியில் சீனியர் ஆட்டக்காரர் இந்தத் தரத்தில் ஆடினால் ஏற்க முடியாது என்று மைக்கிலேயே சொன்னார். வெர்னர் அன்றைக்கு மோசமாகத்தான் ஆடினார். ஆனால் பத்து பேர் காயத்தில் படுத்திருக்கும்போது மிச்சமிருப்பவரை ஊரறிய வெளுப்பதில் லாபம் என்ன?

செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்தி வைத்து அடிக்கும் பந்து, அதைப் பற்றிய சண்டையைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2024 ஏப்ரலில் ஆர்சனலிடம் 3-2 தோல்வி, இடைவேளைக்கு முன்பே 3-0, அதில் இரண்டு கார்னரிலிருந்து. ஒரு கார்னருக்கு முன்னால் பென் ஒயிட் விக்காரியோவின் கையுறைப் பட்டையை நோண்டிக்கொண்டிருந்தது கேமராவில் அழகாகப் பதிவானது. கோல்கீப்பரைக் காக்க ஒரு வெள்ளைச் சட்டைகூடப் பக்கத்தில் இல்லை. செட் பீஸ் பற்றித் தனியாகக் கேட்டபோதெல்லாம் தனக்கு அதில் அக்கறை இல்லை, எங்களுக்கும் மேலே இருக்கும் அணிகளுக்கும் உள்ள தூரம் கார்னரால் வந்ததில்லை என்கிற தொனியிலேயே பதில் சொன்னார். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 15, அதே ஆர்சனல், 1-0, கார்னரிலிருந்து கேப்ரியல் தலையால் முட்டிய கோல். இத்தனைக்கும் அந்தக் கோடையில் நிக் மான்ட்கோமரியைக் கூட்டிவந்து செட் பீஸ் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். அதாவது உள்ளே மாற்றம் நடந்திருக்கிறது, வெளியே அதை ஒத்துக்கொள்ளும் பேச்சு மட்டும் இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அன்றைக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியமும் வந்தது. இரண்டாவது சீசனில் பொதுவாக ஏதாவது ஜெயிப்பேன் என்று முன்பு சொல்லியிருந்தார். தோற்று வந்த கையோடு அதைப் பற்றிக் கேட்டதும், ஒரு திருத்தம், ‘பொதுவாக’ இல்லை, இரண்டாவது வருடம் எப்போதுமே ஜெயிப்பேன், எதுவும் மாறவில்லை என்றார். முன்பு அவர் மேனேஜராக இருந்த பிரிஸ்பேன், யோகோஹாமா, செல்டிக் எல்லாம் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் நான்கு ஆட்டத்தில் நாலு புள்ளி எடுத்திருக்கும் நாளில் சொன்னால் எதிரணி ரசிகர்களுக்குத் தீபாவளி. எட்டு மாதம் அந்த வாக்கியத்தை வைத்து ஓட்டினார்கள். அதற்கப்புறம் லீக்கில் வெற்றி இல்லாமலே இருந்த கிரிஸ்டல் பேலஸுக்கும் இப்ஸ்விச்சுக்கும் அந்த சீசனின் முதல் லீக் வெற்றியை டாட்டன்ஹாமே தானம் கொடுத்தபோது கேலி இன்னும் கூடியது.

ரசிகர்களோடு நேரடியாக உரசியது மூன்று தடவை. முதலாவது 2024 மே, சிட்டி ஆட்டம். டாட்டன்ஹாம் ஜெயித்தால் பரம எதிரி ஆர்சனல் சாம்பியன் ஆக வாய்ப்பு, அதனால் சொந்த மைதானத்திலேயே ஒரு பகுதி ரசிகர்கள் தோல்விக்காக ஆர்ப்பரித்தார்கள். 2-0 தோல்விக்குப் பிறகு அவர் கடுப்போடு, இந்த கிளப்பின் அஸ்திவாரமே பலவீனமாக இருக்கிறது என்று கடந்த 48 மணி நேரம் காட்டிவிட்டது என்றார். தொழில்முறையில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வடக்கு லண்டனில் வளர்ந்தவன் காதில் அது எப்படி விழும்? நாற்பது வருடம் ஆர்சனலிடம் பட்டதை, வந்து ஒரு வருடம் ஆனவர் பாடமெடுக்கிறார் என்றுதான் விழும். இரண்டாவது, அந்த டிசம்பரில் போர்ன்மவுத்தில் தோற்றதும் வெளியூர் ரசிகர்கள் நின்ற பக்கம் நேராகவே போய்விட்டார், வசை விழுந்தது, நின்று கேட்டுக்கொண்டார். அதில் அவர்மேல் எனக்கு மரியாதைதான். சுரங்கப்பாதைக்குள் ஓடி ஒளிகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மூன்றாவதுதான் உறவை முறித்தது. 2025 ஏப்ரல் 3, செல்சி மைதானம். 1-0 பின்னால் இருக்கும்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெர்க்வாலை எடுத்துவிட்டு நடுக்கள ஆட்டக்காரர் பாப்பே சாரை இறக்குகிறார். வெளியூர்ப் பக்கத்திலிருந்து கூச்சல், உனக்கு என்ன செய்கிறாய் என்றே தெரியவில்லை என்று கோரஸாகப் பாட்டு. சில நிமிடத்தில் அதே சார் தூரத்திலிருந்து ஒரு கோல். மேனேஜர் திரும்பி, தன் ரசிகர்களைப் பார்த்துக் காதில் கை வைத்தார், இப்போது சொல்லுங்கள் கேட்போம் என்கிற மாதிரி. உடனே வீடியோ ரெஃப்ரி கோலை ரத்து செய்துவிட்டார். ஆட்டமும் தோல்வி. கொண்டாட்டத்தைக் கேட்கத்தான் காதில் கை வைத்தேன் என்று பிறகு சொன்னார், நம்பியவர்கள் குறைவு. எனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் மனுஷன்தானே, அத்தனை மாத அவமானத்துக்குப் பிறகு ஒரு நொடி தவறியிருக்கும்.

இப்போது பில்பாவோ. ஏப்ரல் 17-இல் ஃபிராங்க்ஃபர்ட் போய் ஒரு பெனால்டி கோலை வைத்துக்கொண்டு பின்னால் இறங்கி 1-0 என்று காப்பாற்றியபோதே எனக்குப் புருவம் உயர்ந்தது, இது அந்தப் பழைய ஆளா என்று. நார்வேயில் செயற்கைப் புல்லில் போடோ/கிளிம்ட்டை அவசரப்படாமல் 2-0 என்று முடித்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆடிய இறுதி ஆட்டத்துக்கு மேடிசன், குளுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூன்று பேரும் இல்லை. பந்தை வைத்து ஆடத் தெரிந்த மொத்த நடுக்களமும் காலி. பிஸ்ஸூமா, பென்டாங்கர், சார் என்று மூன்று உழைப்பாளிகளை நிறுத்தினார். கேப்டன் சன்னை பெஞ்சில் வைத்துவிட்டு ரிச்சர்லிசனை இடப்பக்கம் இறக்கினார், முழுக்க முழுக்க தடுப்புக்காக. நம்ம ஊரில் ராத்திரி பன்னிரண்டரைக்கு அணிப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் சன் இல்லையா என்று திட்டியிருப்பார்கள். 42-ஆவது நிமிடத்தில் சார் போட்ட கிராஸ், லூக் ஷா மேலும் ஜான்சன் காலிலும் பட்டு உருண்டு உள்ளே போனது. அழகே இல்லாத ஒரு கோல். அதற்கப்புறம் பூட்டு. பந்து டாட்டன்ஹாம் வசம் இருந்தது முப்பது சதவீதம்கூட இல்லை. 68-இல் விக்காரியோ பந்தைத் தவறவிட, ஹோய்லுண்ட் தலையால் முட்டியது காலி கோலுக்குள் போகிறது, வான் டே வென் பின்னால் பாய்ந்து உடம்பு முழுக்க அந்தரத்தில் இருக்க காலால் வெளியே தள்ளுகிறார். பத்து நிமிடம் கழித்து ஜான்சனை எடுத்துவிட்டு டான்சோவை இறக்கி ஐந்து பேர் டிஃபென்ஸ். ஐந்து பேர் மிஞ்சினாலும் முன்னேறுவோம் என்ற அதே மனிதர்! கடைசி விநாடிகளில் ஷாவின் தலையடியை விக்காரியோ தடுத்தார். 1-0.

இந்த ஆட்டத்தை இரண்டு கட்சியும் தன் பக்கச் சாட்சியாக இழுக்கிறது, வேடிக்கை அதுதான். ‘இன்’ கட்சி: பிளான் பி இல்லை என்றீர்களே, பாருங்கள். ‘அவுட்’ கட்சி: தெரிந்திருக்கிறது இல்லையா, அப்புறம் ஏன் லீக்கில் 22 தோல்வி? இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம் என்பது என் எண்ணம். லீக்கில் 17-ஆவது இடம், 38 புள்ளி. இதில் ஒரு விசித்திரமும் உண்டு: 64 கோல் போட்டு 65 வாங்கியிருக்கிறார்கள். கோல் வித்தியாசம் மைனஸ் ஒன்று மட்டும் இருக்கும் அணி 22 ஆட்டம் தோற்பது சாதாரணமில்லை. சின்ன வித்தியாசத்தில், முன்னிலையைக் கைவிட்டு, கடைசி அரைமணியில் கால் ஓய்ந்து தோற்ற ஆட்டங்கள்தான் இப்படிக் குவியும். பிரைட்டனில் 2-0 முன்னிலையிலிருந்து 3-2 தோல்வியை நினைத்துப் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டிய நிதானத்தை நவம்பரிலேயே வாரம் ஒரு தடவை காட்டியிருந்தால் பத்தாவது இடத்தில் முடித்திருப்பார்கள், வேலையும் போயிருக்காது. கடைசி இரண்டு மாதத்தில் லீக்கைக் கைகழுவிவிட்டு யூரோப்பாவில் கவனம் வைத்தது சரியான முடிவு, அதனால் புள்ளி இன்னும் குறைந்தது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஜூன் 6-ஆம் தேதி நீக்கினார்கள். கிளப் அறிக்கையில் இருந்த ஒரு கணக்கு: முதல் நல்ல தொடக்கத்துக்குப் பிறகு 66 லீக் ஆட்டத்தில் 78 புள்ளி. ஆட்டத்துக்கு 1.2-க்கும் கீழே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் நிர்வாகத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் மனதில் 2008-உம் ஓடியிருக்கும். அந்த வருடம் லீக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஹ்வாந்தே ராமோஸை வைத்துக்கொண்டார்கள், அடுத்த அக்டோபரில் எட்டு ஆட்டத்தில் இரண்டு புள்ளியோடு கடைசி இடத்தில் இருந்தபோது நீக்க வேண்டியதாயிற்று. ஆனால் நீக்கியது சரி என்பதும் அவர் தோற்றுப்போனவர் என்பதும் ஒன்றில்லை. 1984-க்குப் பிறகு அந்த கிளப்புக்கு ஒரு ஐரோப்பியக் கோப்பை. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பேப்பர்காரர் கோமாளி என்ற சொல்லைப் போட்டு எழுதியதற்கு, நான் கோமாளி இல்லை, ஒருபோதும் ஆகமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே பதில் சொன்னார். அதில் பிழையே இல்லை.

அப்புறம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டில் 39 நாள், எட்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லாமல் போனதை வைத்து ‘பார்த்தீர்களா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. அந்த அணியை நூனோ பின்னால் இறங்கி, வேகமாக எதிர்த்தாக்குதல் செய்வதற்காகக் கட்டியிருந்தார், சீசன் தொடங்கிய பிறகு கையில் வாங்கி ஐந்து வாரத்தில் யாரும் அதை மாற்ற முடியாது. அங்கேயும் பேச்சுதான் முந்திக்கொண்டது. கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் பிரஸ் மீட்டில், டாட்டன்ஹாமில் தான் செய்ததையெல்லாம் நீளமாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் செல்சியிடம் 3-0, ஆட்டம் முடிந்து அரைமணி ஆவதற்குள் வேலை போய்விட்டது.